இரண்டாவது ஓலை

போன செவ்வாய்க்கிழமை காலையில் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். செல்போன் டிங் டிங்கென்று அடித்தது. எங்கள் பங்குக் கோயிலின் வாட்ஸாப் குழுதான், வேறு யார் அந்நேரத்துக்கு என்னைத் தேடப்போகிறார்கள்? கையைத் துடைத்துக்கொண்டு திறந்து பார்த்தால் என் மகனும் வரப்போகிற மருமகளும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மேலே இரண்டு மோதிரம், கீழே ரோஜாப்பூ, நடுவில் 'திருமண அறிவிப்பு' என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே பத்துப் பதினைந்து பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். முந்தின செய்தி ஏதோ ஒரு சாவு. அதற்குப் போடவேண்டிய 'ஆழ்ந்த இரங்க'லை ஒரு புண்ணியவான் இதற்குக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார். மகனிடம் காட்டினேன். "கரெக்டாதாம்மா போட்டுக்கீறாரு" என்று சொல்லிவிட்டு லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

சிரித்தேன்தான். சிரித்துவிட்டு அடுப்படியிலேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் உட்காரத் தோன்றுகிறது. தோசை ஒன்று கருகியது.

நாங்கள் அதை ஓலை என்போம். கிறிஸ்தவர்களல்லாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். கத்தோலிக்கக் கல்யாணம் என்றால் அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், இரண்டு பேருடைய அப்பா அம்மா பெயர், எந்த ஊர், எந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கு எல்லாவற்றையும் சபைக்கு வாசிக்க வேண்டும். இவர்கள் கல்யாணத்துக்கு ஏதாவது தடை இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். முதல் ஓலை, இரண்டாவது ஓலை, மூன்றாவது ஓலை. மூன்றும் முடிந்தால்தான் தாலி. பிரசங்கத்துக்குத் தூங்குகிற ஆட்கள்கூட ஓலைக்கு முழித்துக்கொள்வார்கள். பிள்ளை அழுதால் தாய்க்காரி வாயைப் பொத்துவாள். அப்படி ஓர் அமைதி எங்கள் கோயிலில் சாமியார் நற்கருணையைத் தூக்கிக் காட்டும்போதுகூட இருந்ததில்லை. சாமியார் கோபித்துக்கொள்வார் என்று அன்றைக்கு இதை யாரும் வெளியில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அப்போது எங்கள் கோயில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்த குடும்பங்கள் ஆளுக்கு ஒரு கை கொடுத்துக் கட்டியது. ஆண்கள் இடதுபக்கம், பெண்கள் வலதுபக்கம், முக்காடு போடாமல் போனால் நன்மை அப்பம் வாங்கும்போது சாமியார் ஒரு பார்வை பார்ப்பார். சாம்பிராணிப் புகை மேலே போக வழியில்லாமல் எங்கள் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதோடு மல்லிகைப்பூ வாசனை, சலவைச் சேலை வாசனை, ஆண்கள் பக்கத்திலிருந்து லேத் மெஷின் ஆயில் வாசனை. எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த ஆயில் நகக்கண்ணை விட்டுப் போகாது. அந்தக் கையைத்தான் கூப்பிக்கொண்டு நிற்பார்கள்.

இப்போது ஆளுயரத்துக்குக் கண்ணாடி போட்ட கோயில். பீடத்துக்கு இரண்டு பக்கமும் டிவி. பாட்டு, பதில், செபம் எல்லாம் திரையில் ஓடுகிறது. கரெண்ட் போனால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஃப்ளாட்டுகளில் குடிவந்தவர்களுக்காக ஒன்பது மணிக்கு இங்கிலீஷ் பூசை வேண்டும் என்று ஒரு கோஷ்டி, அந்த நேரத்தைத் தமிழ்ப் பூசைக்கு விட முடியாது என்று ஒரு கோஷ்டி. நன்மையைக் கையில் வாங்குவதா நாக்கில் வாங்குவதா என்று ஒரு சண்டை. பூசை என்று சொன்னால் திருப்பலி என்று திருத்துகிறார்கள், பாவசங்கீர்த்தனம் என்றால் ஒப்புரவு என்கிறார்கள். எனக்குத் தெரிந்த பாவங்கள் மட்டும் பேர் மாறாமல் அப்படியேதான் இருக்கின்றன. முன்பெல்லாம் நானும் எழுந்து நின்று நாலு வார்த்தை பேசுவேன். இப்போது தெம்பில்லை. கடைசிப் பெஞ்சில், ஃபேனுக்கு நேராக, முட்டிவலியோடு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் ஓலை வாசித்தது நான்தான். என் முகத்தை யாரும் பாராட்டியதாக ஞாபகமில்லை, குரலைப் பாராட்டுவார்கள். வார நாளெல்லாம் எஸ்டேட்டில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுவேன். ஞாயிற்றுக்கிழமை மைக் முன்னால் நின்றால் பெரிய அதிகாரி மாதிரி ஒரு மிதப்பு வரும். எனக்கு அடுத்த மெஷினில் காயில் சுற்றியவள் பிலோமினா. நாலு தெரு தள்ளி வீடு. ஒரே வயசு. என் சாப்பாட்டு டப்பாவை அவள் தின்பாள், அவளுடையதை நான் தின்பேன். இரண்டிலும் ஒரே காரக்குழம்பாகத்தான் இருக்கும். ஆனாலும் மாற்றித்தான் தின்போம்.

பிலோமினாவுக்குப் பெரம்பூரில் மாப்பிள்ளை அமைந்தது. அவளுடைய அப்பா சவரிமுத்து, ஆவடிப் பக்கம் ஒரு ஃபாக்டரியில் வெல்டராக இருந்தவர். வயிற்றில் புற்றுநோய். ஈஸ்டரைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் அவசரமாக நாள் குறித்தார்கள். விபூதிப் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை கல்யாணம். புதன் பிறந்துவிட்டால் தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் கிடையாது, மேளம் கிடையாது, பீடத்தில் பூ கிடையாது. எங்கள் பங்கில் அப்போது அதுதான் வழக்கம், மீறினவர்கள் இல்லை. அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால் சரியாக மூன்று ஞாயிறு இருந்தது. ஒன்று அதிகமில்லை, ஒன்று குறைவில்லை.

முதல் ஓலைக்குச் சவரிமுத்து மாமா கோயிலுக்கு வந்திருந்தார். சட்டை தோளில் நிற்கவில்லை. உட்காரச் சொல்லியும் உட்காராமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூசை முடிந்து வெளியே வந்தவுடன் என்னைக் கூப்பிட்டு, "நல்லா நிறுத்தி வாசிச்சம்மா" என்றார். அதோடு சரி. அடுத்த ஞாயிறு அவரால் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. பிலோமினா அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே இருந்துவிட்டாள். அவள் அம்மா மட்டும் பூசைக்கு வந்திருந்தது.

அன்றைக்குப் பிரசங்கம் முடிகிற வழியாக இல்லை. எங்கள் சாமியார் தெற்கத்திக்காரர், நல்ல மனுஷர், ஆனால் தவக்காலம் நெருங்கினால் அவருக்கு நரகத்தின்மேல் தனிப் பிரியம் வந்துவிடும். அவரோ அடுத்த பூசைக்குக் குத்தம்பாக்கம் பக்கத்தில் ஒரு கிளைக் கோயிலுக்குப் போக வேண்டும், மொபெட் வெளியே நிற்கிறது. ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் வாசல் பக்கம் நகர ஆரம்பித்துவிட்டார்கள். நான் அறிக்கைத் தாளை எடுத்துக்கொண்டு மைக்குக்குப் போனேன். விபூதிக்கு எரிக்க வேண்டும், போன வருஷத்துக் குருத்தோலையை வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள் என்று வாசித்தேன். சிலுவைப்பாதை நேரம், பாட்டுக்குழு கூட்டம் என்று போய்க்கொண்டிருந்தபோது சாமியார் பீடத்திலிருந்து கையைச் சுழற்றிக் காட்டினார். சுருக்கு என்று அர்த்தம். சுருக்கினேன். அந்தப் பக்கத்தில் இருந்ததை மளமளவென்று முடித்து, தாளை மடித்து, போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஓலை பின்பக்கத்தில் இருந்தது. காகிதத்தை வீணாக்கக் கூடாது என்று சாமியார் எப்போதும் இரண்டு பக்கமும் எழுதுவார். எனக்கு அது தெரியும். இரண்டு வருஷமாக நான்தானே வாசிக்கிறேன். திருப்பிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அவள் அம்மா பயந்த சுபாவம். பூசை முடிந்து என்னைத் தாண்டித்தான் போனது. ஏன் வாசிக்கவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாசலில் நின்றாவது, இருக்கிற இருபது பேருக்குக் கத்தி வாசித்திருப்பேன். வீட்டுக்குப் போனதும் மாமா கட்டிலில் படுத்தபடி, "வாசிச்சாங்களா?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

விஷயம் காதுக்கு எட்டியதும் நான் சாமியார் வீட்டுக்கு ஓடினேன். சாயங்காலம், அப்போதுதான் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, அடுத்த வாரம் ரெண்டு ஓலையும் சேத்து வாசிச்சுர்றேன் சாமி."

"மூணு ஓலைன்னா மூணு ஞாயிறு. ஒரே நாள்ல ரெண்டு வாசிக்க இது என்ன சாதமா, ரெண்டு கரண்டி போட?"

"நீங்கதான் சாமி சுருக்கச் சொன்னீங்க."

"சுருக்கச் சொன்னேனா, முழுங்கச் சொன்னேனா?"

 

கல்யாணம் ஈஸ்டருக்கு அப்புறம் என்று தள்ளிப்போனது. பிலோமினா மறுநாள் வேலைக்கு வந்தாள், பக்கத்து மெஷினில் உட்கார்ந்து காயில் சுற்றினாள். திட்டவில்லை. சாப்பாட்டு நேரத்தில் டப்பாவை மாற்றவில்லை. ஒரு வாரம் கழித்து பஸ் ஸ்டாப்பில் என் பக்கத்தில் வந்து நின்று, "அப்பா உன்ன ஒரு தபா ஊட்டாண்ட வரச் சொல்ச்சு" என்றாள். "ஓ.டி. கீதுடி, ஞாயித்துக்கெயம வர்றேன்" என்றேன். ஓ.டி.யும் இல்லை, ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போகவும் இல்லை. அடுத்த வாரம் திரும்பவும் சொன்னாள். அப்போதும் ஏதோ ஒரு சாக்குச் சொன்னேன். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை. சாகக் கிடக்கிற மனுஷர் வாயால் திட்டு வாங்குகிற தைரியம் எனக்கு இல்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன, கோழைதான் நான்.

குருத்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தபோது சவரிமுத்து மாமா போய்விட்டார். அடக்கத்துக்குப் போனேன். கூட்டத்துக்குப் பின்னால், புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றேன். கல்யாணம் துக்கம் கழிந்து வைகாசியில் நடந்தது. பெண்ணைக் கையைப் பிடித்துப் பீடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது அவளுடைய சித்தப்பா. பிலோமினா வேலையை விட்டுவிட்டுப் பெரம்பூர் போய்விட்டாள். நான் தொண்டை சரியில்லை என்று சொல்லி மைக் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். அதற்கப்புறம் திருவிழாவிலும் சாவு வீட்டிலும் பார்த்துக்கொள்வோம். தலையை ஆட்டுவாள், ஆட்டுவேன். முப்பது வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடிவிட்டது.

அத்தனை வருஷமும் நான் சாமியாரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். மனசாட்சி இல்லாத மனுஷன், சட்டம் சட்டம் என்று ஒரு தகப்பனுடைய கடைசி ஆசையைக் கெடுத்தவன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அவர் இறந்த செய்தி வந்தபோது பங்கிலிருந்து வேன் வைத்துப் போனார்கள். நான் போகவில்லை. சாமியார்மேல் கோபப்படுவது வசதி. நான் தாளைப் புரட்டாமல் விட்டதை அந்தக் கோபம் மறைத்துக்கொண்டது.

பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் மகன் கல்யாண விஷயமாகப் பங்கு ஆபீசுக்குப் போனேன். அவனுக்கு வெளிநாட்டில் வேலை வந்திருக்கிறது, கிடைக்கிற லீவு தவக்காலத்துக்குள்தான் விழுகிறது. முடியாது என்பார்கள் என்று நினைத்துக்கொண்டே போனேன். இப்போது இருக்கிற சாமியாருக்கு என் மகன் வயசுதான் இருக்கும். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "பண்ணிடலாம்மா, பூ அலங்காரம் மேளம் இல்லாம சிம்பிளா வெச்சுக்குங்க" என்றார். மூன்று ஞாயிறு இல்லையே ஃபாதர் என்றேன். "ஒரு தடவ வாட்ஸாப்ல போட்டுடறேன். மிச்சத்துக்கு ஆயர் இல்லத்துல பிஷப் கிட்ட விலக்கு வாங்கிக்கலாம். ஒரு லெட்டர்தானே."

"இது எப்பலேர்ந்து ஃபாதர்?"

"எப்பவுமே இருக்கும்மா. நியாயமான காரணம் இருந்தா ஓலைக்கு விலக்கு அந்தக் காலத்துலயும் உண்டு. யாராவது சாகக் கிடந்தா அதவிட என்ன காரணம் வேணும்?"

அவர் பாட்டுக்குச் சாதாரணமாகத்தான் சொன்னார். பிரிண்டரிலிருந்து தாள் வந்தது. வாங்கிக்கொண்டு வெளியே வந்து செருப்பைத் தேடினேன், காலில்தான் போட்டிருந்தேன். ஒரு லெட்டர். ஒரே ஒரு லெட்டருக்காகவா சவரிமுத்து மாமா காத்துக்கிடந்து செத்தார் என்று வந்த ஆத்திரத்தில் கல்லறைக்குப் போய் அந்தப் பழைய சாமியாரை எழுப்பிக் கேட்கலாமா என்றிருந்தது.

பிலோமினாவிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. பத்திரிகை வைக்கிற சாக்கு இருந்தது. அவள் இப்போது நெமிலிச்சேரியில் மகள் வீட்டில் இருக்கிறாள். மின்சார ரயிலில் போய் இறங்கி, ஆட்டோக்காரனிடம் இரண்டு தடவை வழி சொல்லி, மூன்றாவது மாடி ஏறிப் போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. கதவைத் திறந்தவள், "வா" என்றாள். தண்ணீர் கொடுத்தாள். பத்திரிகையைக் கண்ணாடி போட்டு எழுத்து எழுத்தாகப் படித்தாள். அவளுக்கும் முட்டிவலி. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மாத்திரை பெயர்களைப் பேசினோம்.

அப்புறம் சொன்னேன். "உன் கல்யாணத்துக்கு ஓலையே தேவையில்லடி. அந்தாளு ஒரு லெட்டரு எழுதியிருந்தா திங்கட்கெயமயே முடிஞ்சிருக்கும். வேணும்னே பண்ணிக்கீறான்."

பிலோமினா பத்திரிகையை மடித்து உறைக்குள் வைத்தாள்.

"சாமியாரு அன்னிக்கி ராவே எங்க ஊட்டுக்கு வந்தாரு. நானே ஆயரு கிட்ட போயி லெட்டரு வாங்கியாறேன், நீ கவலப்படாத சவரின்னு சொன்னாரு. அப்பாதான் வேணாம்ட்ச்சு."

"ஏன்டி?"

"ஓலை வாசிக்காம அவசரமா கட்னா இன்னா பேசுவானுங்கன்னு தெரியாதா ஒனக்கு? பொண்ணு முயுகாம கீது, அதான் மூடி மறைக்கிறானுங்கன்னு பேசுவானுங்க. நான் போய்ச் சேந்துருவேன், எம்பொண்ணு அந்தப் பேரோட குடித்தனம் பண்ணணுமான்ச்சு. மூணு தபாவும் சபைல வாசிச்சு, யாரும் ஒண்ணும் சொல்லலன்னு ஆனப்புறம்தான் தாலின்ச்சு. சாமியாரு எவ்ளோ சொல்லியும் கேக்கல."

முப்பது வருஷமாக ஒரு மனுஷரை எத்தனை பேரிடம் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்று கணக்குப் பார்க்கக்கூடத் திராணி இல்லை. இனிமேல் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? கடைசியில், "அப்ப எம்மேலதான் கோவம் ஒனக்கு" என்றேன்.

"ஓலைய உட்டதுக்கா? அது யாருக்கும் ஆவும். அதுக்கு ஒரு வாரந்தான் கோவம்." பிலோமினா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். "அப்பா கூப்டுச்சே, நீ ஏன்டி வரல?"

"திட்டப்போறாருன்னு பயந்துட்டேன்."

"திட்றதுக்கா கூப்டுச்சு? மொத ஓலைதான அது காதால கேட்டுச்சு. மிச்சம் ரெண்டுக்கும் கோயிலுக்கு வர முடியாதுன்னு அதுக்கே தெரிஞ்சுபோச்சு. அந்தப் பொண்ணு நல்லா நிறுத்தி வாசிக்கும், ஊட்டுக்கு வந்து எங்கிட்ட ஒரு தபா வாசிக்கச் சொல்லு, கேட்டுட்றேன்னு சொல்லிக்கினே இருந்துச்சு. நாங்கூட வாசிச்சுக் காட்டினேன். நீ வாசிச்சா எப்டிம்மா, கல்யாணப் பொண்ணே நீதானேன்னு சிரிச்சுச்சு. கடைசி வரைக்கும் வெளிய யாரு செருப்பு சத்தம் கேட்டாலும் ஒன்னியதான் கேக்கும்."

காபி போட்டுக்கொண்டு வந்தாள். குடித்தேன். கல்யாணத்துக்கு வருவதாகச் சொன்னாள், வருவாள் என்றுதான் நினைக்கிறேன். படிக்கட்டு வரைக்கும் கூட வந்து, பிடித்து இறங்கு என்றாள்.

திரும்பி வரும்போது அம்பத்தூரில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் அவர்கள் இருந்த தெருவுக்குப் போனேன். போய் என்ன பண்ணப்போகிறேன், ஆனாலும் போனேன். ஓட்டு வீடுகள் நாலைந்து சேர்ந்து இருந்த இடத்தில் இப்போது ஐந்து மாடிக் கட்டடம், கீழே கார் நிறுத்துகிற இடம். வாட்ச்மேன் யாரைப் பார்க்க வேண்டும் என்று இந்தியில் கேட்டான். சவரிமுத்து என்றால் அவனுக்கு என்ன தெரியும்? அந்தத் தெருவில் இப்போது யாருக்குத்தான் தெரியும்? யாருமில்லை என்று கையை ஆட்டிவிட்டு நடந்தேன். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு நாலு தெரு. இந்த முட்டியோடு நடந்தும் பத்து நிமிஷம்தான் ஆனது.